மணற்சோறும் மாணவர் கல்வியும்

விளையாட்டு கல்விக்குப் பகை என்பது ஒரு கொள்கை. விளையாட்டே கல்வி என்பது மற்றொரு கொள்கை. திறன்பேசியைக் கையிற்கொண்ட மாணவரைக் குறித்துப் பெற்றோரும் ஆசிரியரும் நாள்தோறும் நடத்தும் வழக்கில் இவ்விரண்டு கொள்கைகளும் எதிரெதிர் நிற்கின்றன. தீர்ப்புக் கூறுமுன் வழக்குப்பொருளை நேரிற் காணல் முறை. ஒரு நூலைப் படியாது அதனைப் புகழ்தலும் பழித்தலும் திறனாய்வு ஆகா. அவ்வாறே, ஒரு விளையாட்டை ஆடிப்பாராது அதனால் விளையும் கல்வியை அளக்க முற்படுதலும் ஆராய்ச்சி ஆகாது. ஆதலின், 'வீடியோ கேம்' என மக்கள் வழங்கும் திரைவிளையாட்டுகளுள் ஒன்றனை எடுத்துக்கொண்டு, தமிழ் நூல்கள் நமக்குத் தந்துள்ள அளவுகோல்களால் அதனை அளக்க முயல்கின்றோம். தமிழ்க் குடும்பம் ஒன்றையே பொருளாகக் கொண்டு, தமிழ் யாப்பின் பெயரையே தன் பெயராகவும் பூண்ட 'வெண்பா' என்பதே யாம் எடுத்துக்கொண்ட விளையாட்டு.

அவ்விளையாட்டு மாணவர்க்குக் கற்பிப்பது யாது? கற்பிக்கமாட்டாதது யாது? அக்குறையை நிரப்பும் கடமை யாருடையது? இம்மூன்று வினாக்களே இக்கட்டுரையின் எல்லை.

பண்ணையும் பிசியும்

விளையாட்டைப் பற்றி ஆராய்தல் தமிழ்த்துறைக்குப் புறம்பான செயல் என எண்ணுவார் உளர். மணற்சோற்றிற் கல் ஆராய்வது போன்றது இம்முயற்சி என நகைப்பாரும் இருக்கலாம். அவர்க்குத் தொல்காப்பியமே விடை கூறும். உவகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பாவே 'பண்ணை' என்னும் சொல்லோடு தொடங்குகின்றது. அச்சொல்லுக்கு விளையாட்டு எனப் பொருளுண்மை உரியியலால் அறியப்படும். மெய்ப்பாடுகளின் தோற்றத்தை உரையாசிரியர்கள் விளையாட்டின்கண் வைத்து விளக்குவதும் அறிஞர் அறிந்ததே. உணர்ச்சியை ஆராயப்புகுந்த பேராசான் விளையாட்டை வாயிலாகக் கொண்டான் என்றால், கல்வியை ஆராயப்புகும் நாம் அவ்வாயிலை அடைத்தல் தகுமா?

மெய்ப்பாட்டியலைப் பேசும்போது பசுமலையை நினையாதிருத்தல் இயலாது. எட்டயபுரத்திற் பிறந்து (1879) பசுமலையில் வாழ்ந்து மறைந்த (1959) நாவலர் சோமசுந்தர பாரதியார், அகத்திணையியல், புறத்திணையியல், மெய்ப்பாட்டியல் ஆகிய மூன்றற்கும் புத்துரை கண்டவர். பழைய உரைகளை மதித்துக் கற்றவராயினும், உரை கூறிற்று என்னும் ஒன்றனாலேயே அதனை ஏற்றுக்கொள்ளாது, நூற்பாவை நேர்நின்று நோக்கிப் பொருள் காண முயன்றவர். பழைய இலக்கணத்தைப் புதிய கண்ணால் நோக்குதல் பசுமலைக்குப் பழகிய நெறி. புதிய பொருளைப் பழைய இலக்கணத்தால் நோக்குதல் அந்நெறியின் மறுபக்கமேயாம்.

மற்றொரு சான்றும் உண்டு. செய்யுளியலிற் கூறப்படும் எழுவகை யாப்பினுள் 'பிசி' என்பது ஒன்று. இக்காலத்தார் விடுகதை என வழங்குவது அதனை. ஒப்புமை வாயிலாக வருவதும், வெளிப்படத் தோன்றுவதைச் சொல்லி மறைந்து நிற்கும் பொருளைத் துணியவைப்பதும் எனப் பிசி இருவகைப்படும். கேட்போன் விடை கண்டாலன்றிப் பிசி நிறைவு பெறுவதில்லை. ஏனைய யாப்புகள் கேட்போனை எதிர்நோக்கி நிற்கப் பிசி ஒன்றே கேட்போனைத் தன் உறுப்பாக்கிக்கொள்கின்றது. திரைவிளையாட்டின் உயிர்நாடியும் இதுவே. ஆடுவோன் செயற்படாவிடில் கதை நகராது. ஆதலின் திரைவிளையாட்டைத் தமிழ் இலக்கிய வகைகளுள் எதனோடு இயைத்து நோக்கலாம் என வினவுவார்க்குப் பிசியோடு என விடை கூறுவோம்.

மேனாட்டாரும் இத்துறையிற் கருத்துச் செலுத்தியுள்ளனர். டச்சு நாட்டு வரலாற்றறிஞர் ஹூயிசிங்கா 1938-இல் வெளியிட்ட 'ஹோமோ லூடென்ஸ்' என்னும் நூலில், பண்பாட்டின் விளைவாக விளையாட்டுத் தோன்றவில்லை, விளையாட்டே பண்பாட்டுக்கு முற்பட்டது என நிறுவ முயன்றார். அமெரிக்க மொழியறிஞர் ஜேம்ஸ் பால் கீ, 2003-இல் வெளிவந்த தம் நூலில், நல்ல திரைவிளையாட்டு நல்ல ஆசிரியனின் நெறிகள் பலவற்றைத் தன்னுள் கொண்டிருத்தலை விளக்கினார். வேண்டும்பொழுது வேண்டுமளவே செய்தி தருதலும், தவறினால் வரும் இழப்பைச் சிறிதாக்கி மீண்டும் முயலத் துணிவு தருதலும் அந்நெறிகளுட் சில.

சூது வேறு, விளையாட்டு வேறு

இங்கே ஒரு தடையை நீக்கிக்கொள்ளல் வேண்டும். திரைவிளையாட்டால் உறக்கமும் உணவும் மறந்து கெட்ட இளைஞரைக் கண்டோர் பலர். அவர் அச்சம் பொய்யன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் திருத்தத்தில், விளையாட்டின்மேற் கட்டுப்பாடு இழத்தல் ஒரு கோளாறாகவே சேர்க்கப்பட்டது. பணத்தைப் பணயம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களால் நேர்ந்த கேடுகளைத் தமிழகம் நன்கறியும். எனினும், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய 2022-ஆம் ஆண்டுச் சட்டம், சூதாட்டத்துக்குத் தடையும் ஏனைய இணைய விளையாட்டுகளுக்கு ஒழுங்குமுறையும் எனத் தன் பெயரிலேயே வேற்றுமை காட்டியது. திருவள்ளுவரும் சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தாரேயன்றி விளையாட்டைக் கடியவில்லை. வெல்லுதலையும் பொருளையும் வேட்டு ஆடுவது சூது; ஆடுதலின் இன்பத்துக்காக ஆடுவது விளையாட்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் ஆராய்ச்சிக்கு ஆகாது. எல்லையின்றி நீண்டு மாணவரைப் பிணிக்கும் ஆட்டங்களும் பல. 'வெண்பா' அவ்வினத்தது அன்று. இரண்டு மணி நேரத்திற்குள் ஆடி முடிக்கத்தக்கது. பகைவரும் இல்லை, பணயமும் இல்லை. ஒரு சிறுகதை போல் தொடங்கி முடிவது.

வெண்பாவின் அமைப்பு

கனடா நாட்டுத் தொரொன்றோவைச் சேர்ந்த 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழுவினர், அபி என்பாரின் வடிவமைப்பில், 2023-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இதனை வெளியிட்டனர். 2024-ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு, முதற்படைப்புக்கான பரிசை இதற்கு வழங்கிற்று. கதை எளியது. தமிழகத்தினின்று கனடாவிற் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் இளந்தம்பதியர் 1980-களின் பிற்பகுதியில் அங்கே வாழ்க்கை தொடங்குகின்றனர். ஊர் திரும்புதலா, அங்கேயே தங்குதலா என ஊசலாடும் வேளையில் வெண்பா தான் கருவுற்றிருத்தலை அறிகின்றாள். மகன் கவின் பிறக்கின்றான், வளர்கின்றான், வளருந்தோறும் தாயின் மொழியினின்றும் உணவினின்றும் விலகுகின்றான். ஆண்டுகள் பல கழிந்தபின் அவன் மீண்டும் தாயை நோக்கித் திரும்புவதே கதையின் முடிவு.

பெயர்களை நோக்குக. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். பாவும், பா இயற்றுவோனும், பாவின்கண் விளையும் அழகும் ஒரு குடும்பமாயின. பெயர்ப்பொருத்தத்தை மிகைபடப் பேசுதல் தவறு. 'வெண்பா' இன்று பெண்மக்கட்கு வழங்கும் பெயரும் ஆம். ஆயினும் வெண்பா யாப்பின் இயல்பொன்று இவ்வாட்டத்திற்கும் உண்டு. வெண்பாவில் ஒரு சீரின் இறுதி அடுத்த சீரின் முதலோடு வெண்டளையால் இயைதல் வேண்டும்; ஓரிடத்துத் தளை பிறழின் பா முழுதும் வழுவாம். சமையலும் அத்தகையதே. ஒரு செயல் அடுத்த செயலோடு முறைப்பட இயையாவிடில் உணவு முழுதும் கெடும். இவ்வாட்டம் மாணவர்க்குக் கற்பிப்பது அம்முறையை.

ஆடுவோன் செய்யும் தொழில் சமைத்தல். வெண்பாவின் தாய் தந்த சமையற்குறிப்பு ஏடு ஒன்று உண்டு. நெடுந்தொலைவு வந்த அவ்வேட்டில் சில பக்கம் கிழிந்தும் சில வரி மங்கியும் உள்ளன. எஞ்சிய எழுத்தையும் படத்தையும் கொண்டு, இழந்த பகுதி யாதாயிருக்கும் என உய்த்துணர்ந்து சமைத்தல் வேண்டும். முதலில் வருவது இட்லி. தட்டுகளை எவ்வாறு அடுக்குதல் என்பதே ஆண்டுள்ள பிசி. ஒன்றன்மேல் ஒன்றாக நேர்பட அடுக்கினால் ஆவி மேற்செல்ல வழியின்றிப் போம். கீழ்த்தட்டிலுள்ள இட்லியும் நசுங்கும். தட்டைச் சற்றே திருப்பி, மேலுள்ள குழி கீழுள்ள குழியின்மேற் படாதவாறு அடுக்கினால் ஆவி பரவும். இதனை யாரும் சொல்லித்தருவதில்லை. தட்டின் வடிவமே சொல்கின்றது. பின்னர் வரும் புட்டிலும் இத்தகைய ஆராய்ச்சி உண்டு. மாவும் தேங்காய்த்துருவலும் மாறிமாறிக் குழலிற் புகும் ஒழுங்கை ஆடுவோனே கண்டறிதல் வேண்டும்.

இளமகளிர் மணலிற் சிற்றில் இழைத்துச் சிறுசோறு சமைத்து விளையாடியதைப் பழந்தமிழ் இலக்கியங்கள் பேசுகின்றன. 'மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ்' பாடிய குமரகுருபரர் அம்மானையையும் ஊசலையும் பருவங்களாகவே வைத்தார். குழந்தையின் வளர்ச்சியை விளையாட்டால் அளக்கும் மரபு பிள்ளைத்தமிழின் மரபு. மணற்சோறு பசி தீர்ப்பதில்லை. ஆயினும் அதனை ஆக்கிய சிறுமி அடுப்பும் கலமும் அகப்பையும் நீரளவும் வரிசையும் அறிந்தாள். திரையில் ஆக்கும் இட்லியும் மணற்சோறே. அதனால் விளையும் பயனும் அச்சிறுமி பெற்ற பயனை ஒத்ததே.

சிதைந்த ஏடு கற்பிக்கும் நெறி

இவ்வாட்டத்தைத் தமிழ் மாணவர் ஆடுதலால் சிறப்பானதொரு பயன் உண்டு என்பது எம் கருத்து. முதுகலை மாணவர்க்குச் சுவடிப்பதிப்பு நெறியைக் கற்பித்தல் எளிதன்று. ஏடு செல்லரித்த இடத்தில் யாது இருந்திருக்கும் எனத் துணிதற்கு யாப்பும் பொருளும் சூழலும் எவ்வாறு துணைபுரியும் என்பதை வாயாற் கூறினால் மாணவர் தலையசைப்பர். உணர்ந்தார் என்பது உறுதியன்று. இட்லித்தட்டின் பிசியை அவிழ்த்தவர் அந்நெறியைக் கையாற் செய்துபார்த்தவர் ஆவர். இழந்த வரியை நிரப்புவது விருப்பம் அன்று, பொருளின் இயல்பு என்பதை அவர் கண்டார். தட்டின் குழி ஆவிக்கு வழிவிடுதல் வேண்டும் என்னும் நியதியே ஆண்டுப் பாடத்தை உறுதி செய்தது. வெண்பாவில் ஓர் அசை மறைந்துழி வெண்டளையின் நியதி பாடத்தை உறுதி செய்வதும் இம்முறையாலேயே.

எம் வகுப்பில் ஒரு மாணவர் இதனை விளக்கக் கண்டோம். மதுரையைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூரினின்று வருபவர். அடுப்படிக்குள் அதிகம் புகாதவர். யூடியூப் காணொளியில் பிறர் இவ்வாட்டத்தை ஆடுதலை முதலிற் கண்டு, பின்னர் நண்பரின் கணினியில் தாமே ஆடியவர். பாடவேறுபாடு பற்றிய வகுப்பில், இரு பாடங்களுள் எதனைக் கொள்ளுதல் என்னும் வினா எழுந்தபோது, தட்டை மாற்றி அடுக்கினால் ஆவி அடைபடுவதுபோல, இப்பாடத்தைக் கொண்டால் அடுத்த அடியின் பொருள் அடைபடுகின்றது என்றார். உவமை எளிது; ஆயின் அவர் கூறியது பாடத்தேர்வின் உயிரான நெறி. ஆசிரியர் தராத உவமை அது. விளையாட்டாற் கல்வி விளையும் என்பதற்கு யாம் நேரிற் கண்ட சான்று இது.

உதிர்ந்த மலர்கள்

அடுத்த வகுப்பில் அம்மாணவரிடமும் ஏனையோரிடமும், இட்லி ஆக்கும் முறையை ஒரு பக்க அளவில் நல்ல தமிழில் எழுதிவருமாறு பணித்தோம். அவர் எழுதிய வரிசை பழுதற்றது. சொல்லோ வறியது. ஒருமுறை வேகவைத்து எடுக்கும் அளவுக்கு 'ஒரு செட்' என எழுதியிருந்தார். வேகவைத்தலுக்கு 'ஸ்டீம் செய்தல்' என்றிருந்தது. மாவு புளித்து மேலெழும் நிலைக்கு அவரிடம் சொல்லே இல்லை. ஓரிடம் வெற்றாக விடப்பட்டிருந்தது. இல்லத்தில் மூத்தோரைக் கேட்டுத் திருத்தி வருக என்றோம். மறுவாரம் அவர் கொணர்ந்த ஏட்டில் 'முதல் ஈடு', 'இரண்டாம் ஈடு' என்னும் சொற்கள் இருந்தன. துணி விரித்து மாவு 'ஊற்றுதலும்' இட்லி 'அவித்தலும்' தோசை 'சுடுதலும்' வெவ்வேறு வினைகளாயின. உளுந்து மாவு நன்கு பெருகுதலுக்கு 'மாவு காணுதல்' எனத் தம் பாட்டியார் கூறினார் என அடிக்குறிப்பும் எழுதியிருந்தார். காணுதல் என்னும் வினைக்கு இப்பொருளை அவர் அதற்குமுன் அறிந்ததில்லை.

இந்நிகழ்ச்சி இக்கட்டுரையின் மையமான வேறுபாட்டைப் புலப்படுத்துகின்றது. ஏட்டிற் சிதைவு இருவகைத்து. உய்த்துணர்ந்தால் நிரப்பத்தக்கது ஒன்று. எவ்வளவு உய்த்துணர்ந்தாலும் நிரப்ப இயலாதது மற்றொன்று. இரண்டாம் வகைக்குப் பத்துப்பாட்டின் பதிப்பு வரலாறே சிறந்த சான்று. டாக்டர் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முயன்றபொழுது, குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர் அடுக்கி வரும் பகுதி அவர் பெற்ற ஏடுகளிற் குறைந்திருந்தது. அவர் யாப்பறிந்தவர், கபிலரின் நடையை அறிந்தவர், மலரும் அறிந்தவர். எனினும் அவ்வறிவெல்லாம் ஒரு மலரின் பெயரைத் தானும் அங்கே வருவித்தல் இயலாது. தருமபுர ஆதீனத்து ஏட்டில் அப்பகுதி கிடைத்த பின்னரே குறை நீங்கிற்று; 1889-இல் நூல் வெளிவந்தது. பிற்காலத்து அவர் இந்நிகழ்ச்சியை எழுதியபோது 'உதிர்ந்த மலர்கள்' என அதற்குப் பெயரிட்டதன் நயம் உணரத்தக்கது. முறை அறிவால் மீளும். பெயர் மரபால் மட்டுமே மீளும். மாவும் துருவலும் மாறிமாறி வருதலை எவரும் கண்டறியலாம். 'ஈடு' என்னும் சொல்லை எவரும் கண்டறிய முடியாது. அதனை ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டல் வேண்டும்.

'வெண்பா' ஆட்டத்தை ஆக்கியோர் இவ்வுண்மையை உணர்ந்திருந்தனர் என்பதே அப்படைப்பின் உயர்வு. வெண்பாவாக நின்று ஆடும்போது ஏட்டின் சிதைவு நமக்குத் தடையாகத் தோன்றுவதில்லை. அஃது ஓர் இனிய பிசியாகவே உள்ளது. பிற்பகுதியில், தமிழை முழுதும் அறியாத மகன் கவினாக நின்று அவ்வேட்டை அணுகும்போது நிலைமை மாறுகின்றது. இப்பொழுது சிதைந்தது தாள் அன்று, படிப்போனின் மொழி. தாய் எழுதிவைத்தவை ஏட்டில் இருந்தும் அவனுக்கு இல்லாதனவாகின்றன. கையால் ஆடிவந்த ஆடுவோன், இக்குறையைத் தன் அறிவுத்திறனால் வெல்ல இயலாது என்பதை அங்கே உணர்கின்றான். மகன் தாயிடம் திரும்புதலே கதையின் முடிவாக அமைந்ததன் காரணம் இதுவே. பிசியால் தொடங்கிய ஆட்டம், பிசியால் தீராத ஒன்றைக் காட்டி முடிகின்றது. தன் கருவியின் எல்லையைத் தானே காட்டும் படைப்பு சிறந்த படைப்பு எனத் துணியலாம்.

குறையும் கூறல் வேண்டும். சமையலில் முறையும் பெயரும் அன்றிப் 'பதம்' என ஒன்று உண்டு. மாவு புளித்த பதம் மூக்கறிவது. அரைபட்ட பதம் விரலறிவது. வெந்த பதம் கண்ணும் கையும் சேர்ந்து அறிவது. திரையில் இவை இல்லை. தாளிக்கும் ஓசையை இவ்வாட்டம் செவ்விதின் அமைத்துள்ளது. வானொலிப் பாட்டும் காலத்துக்கேற்ப மாறுகின்றது. எனினும் ஓசை பதமாகாது. தவறு செய்தால் மாவு வீணாவதில்லை, பசித்தோர் காத்திருப்பதில்லை, உடனே மீண்டும் தொடங்கலாம். அறிஞர் கீ பாராட்டும் இவ்வெளிமையே பதத்தைக் கற்பிப்பதற்குத் தடையும் ஆகின்றது. பதம் என்பது வீணான மாவினாலும் பொறுத்திருத்தலாலும் வருவது. ஆட்டத்தை முடித்த மாணவர் சமையல் அறிந்தார் எனல் பொருந்தாது. சமையலின் ஒழுங்கை அறிந்தார் எனலே பொருந்தும்.

நன்னூலின் கணக்கும் சமூக ஊடகமும்

இம்மாணவர் விளையாட்டால் மட்டும் கற்றவர் அல்லர். சமூக ஊடகமும் அவர்க்கு உடனாசிரியராக இருந்தது. அதன் பயனை எவ்வாறு மதிப்பிடுவது? இதற்கும் நம் நூல் ஒன்று கணக்குத் தருகின்றது. பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில், ஆசான் உரைத்ததை நன்கு கொண்ட மாணாக்கனும் கல்வியிற் காற்கூறே பெறுவான் என்றார். உடன்பயில்வாரோடு பழகிப் பயிலுதலால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்கு விரித்துரைத்தலால் வரும். ஆசிரியர் தம் பங்கைக் காற்கூறு என ஒப்புக்கொள்ளும் இக்கணக்கு, பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றியது என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மிகும்.

இக்கணக்கை வைத்துப் பார்ப்போம். திரைவிளையாட்டு, தானே சொல்லாது செய்யவைக்கும் ஆசானாகி முதற் காற்கூறைத் தரவல்லது. வாட்சப் குழுவிலும் யூடியூப் காணொளியின்கீழும் மாணவர் நிகழ்த்தும் உரையாடல், அதாவது இப்பிசியை எவ்வாறு அவிழ்த்தாய், எம் வீட்டில் வேறு முறை உண்டு என்பன போன்றவை, உடன்பயில்வார் தரும் இரண்டாம் காற்கூறு. பழங்காலத்துப் பயில்வார் ஒரு திண்ணையிலிருந்தனர். இன்றைய பயில்வார் மதுரையிலும் தொரொன்றோவிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்துகொண்டே ஒரு குழுவினராகின்றனர். கூடுதற்கு இடம் ஒன்றாதல் வேண்டும் என்னும் கட்டுப்பாடு நீங்கியது. இது பெரும்பேறு.

அரைக்கூறு எங்கே? கற்றதை விரித்துரைத்தல் எங்கே நிகழ்கின்றது? பெரும்பாலும் நிகழ்வதில்லை என்பதே எம் துணிவு. சமூக ஊடகத்தில் உரை சுருங்குகின்றது. ஒரு குறி, ஒரு படம், ஒரு சொல் என நின்றுவிடுகின்றது. திரைவிளையாட்டில் பிசி அவிழ்ந்தவுடன் அடுத்த காட்சி வருகின்றது. அவிழ்த்தது எவ்வாறு எனச் சொல்லுதற்கு இடமில்லை. இரண்டும் அரையளவு கல்வியை விரைவாகவும் இனிதாகவும் தந்து அவ்வளவில் நிற்கின்றன. மாணவர்க்கோ முழுதும் பெற்றதுபோன்ற நிறைவு தோன்றிவிடுகின்றது. இந்நிறைவே அஞ்சத்தக்கது. விளையாட்டு கல்விக்குப் பகை என்பார் அஞ்சும் இடமும், விளையாட்டே கல்வி என்பார் காணாத இடமும் இதுவேயாகும்.

யாம் பணித்த ஒரு பக்க எழுத்து அவ்வரைக்கூற்றுக்குத் தொடக்கம். எழுதப்புகுந்தபோதுதான் மாணவர் தம்மிடம் சொல் இல்லாமையை அறிந்தார். அறிந்தபோதுதான் மூத்தோரை நாடினார். விளையாட்டு அவர்க்கு ஆர்வம் தந்தது. உரைத்தல் அவர்க்குத் தேவை தந்தது. சொல்லைத் தந்தவர் பாட்டியார். இம்மூன்றும் கூடிய இடத்திற் கல்வி முழுமை பெற்றது.

முடிபு

பசுமலை கல்விக்குப் பழைய இடம். 1881-இல் இங்குத் தொடங்கிய கல்லூரி, பின்னர் மதுரை நகருக்குப் பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. 1974-இல் மன்னர் திருமலை நாயக்கர் கல்லூரி இங்கே தோன்றிற்று. சுற்றியுள்ள சிற்றூர்களினின்று பேருந்தேறிக் கல்லூரிகளுக்கு வரும் மாணவர் பலர், தம் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி புகுந்தோர். அவர் இல்லங்களில் நூல்கள் குறைவாயிருக்கலாம், சொற்கள் குறைவில்லை. அச்சொற்களை உடையோர் அடுப்படியிலும் களத்திலும் உள்ளனர். மாணவரோ வழி முழுதும் திரையை நோக்கியிருக்கின்றனர். இருவர்க்கும் இடையே உள்ள தொலைவு, கனடாவில் வாழ்ந்த கவினுக்கும் அவன் தாய்க்கும் இடையே இருந்த தொலைவினும் சிறிது என யாரும் உறுதியாகக் கூற முடியாது. கடல் கடவாமலே மொழியை இழத்தல் கூடும் என்பது நாம் அஞ்சவேண்டிய செய்தி.

ஆதலின் தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன சில கூறுவோம். திரைவிளையாட்டை இலக்கிய வகையாக ஏற்று, அதனைத் திறனாயும் பயிற்சியை முதுகலைப் பாடத்திற் சேர்த்தல் வேண்டும். அவ்வாறு ஆடிய மாணவர் ஒவ்வொருவரும், தாம் ஆடியதைத் தமிழில் விரித்துரைத்தலும் எழுதுதலும் பாடத்தின் பகுதியாதல் வேண்டும். அரைக்கூறு அங்கே உள்ளது. அவ்வெழுத்தில் வெற்றிடமாக நிற்கும் சொற்களைத் திருப்பரங்குன்றத்தினின்று திருமங்கலம் வரையுள்ள ஊர்களில் மாணவரே சென்று கேட்டுத் தொகுத்தல் வேண்டும். 'ஈடு' போலும் சொற்கள் அகராதிகளில் இடம்பெற்றிருந்தாலும், அவற்றின் வழக்கும் சூழலும் உடையோர் வாய்மொழியிலேயே முழுமையாக உள்ளன. அவர் மறைந்தபின் எந்த ஆதீனத்து ஏட்டிலும் அவை கிடைக்கமாட்டா.

'வெண்பா' என்னும் ஆட்டம் சிறிது. ஆயினும் முறை வேறு, பதம் வேறு, பெயர் வேறு என்னும் பாகுபாட்டை, நூல் பல கற்றோர்க்கும் அது தெளிவுபடுத்துகின்றது. முறையைக் கற்பிக்கத் திரை போதும். பதத்தைக் கற்பிக்க அடுப்பு வேண்டும். பெயரைக் கற்பிக்க மனிதர் வேண்டும். மாணவர் கையிலுள்ள திரையைப் பறித்தல் எளிது; அதனால் எப்பெயரும் மீளாது. திரையால் அவர் பெற்ற ஆர்வத்தை, பெயருடையோரிடம் அவர் செல்லும் வழியாக மாற்றித் தருதல் அரிது. அவ்வரிய செயலே இன்று தமிழாசிரியரின் தொழில் என்பது எம் துணிபு.